இடம் விட்டவர்

சான் அன்டோனியோவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். முடிதிருத்தும் கடையில் கேளுங்கள், டாக்கோ கடை வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியின் பழைய ஆட்டக்காரர்களில் ஆகச் சிறந்தவர் டிம் டங்கன். 5 சாம்பியன் பட்டங்கள். ஒரே அணிக்காக 19 சீசன்கள். பவர் ஃபார்வர்டு ஆடியவர்களில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று மற்ற ஊர்க்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனாலும் என் பட்டியலில் முதல் பெயர் டேவிட் ராபின்சன். வீட்டிலேயே இதற்கு ஆதரவு கிடையாது. மகனுக்கு டங்கன், மனைவிக்கு மனு ஜினோபிலி. பல வருடங்களாக எங்கள் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு ஓடுகிறது. அன்று எப்படி ஆடினார்கள், இன்று என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் எடுத்துவைத்து எடை போடுவோம். வயதாக ஆக எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் டெக்சஸுக்குக் குடிவந்தபோது அணி ஹெமிஸ்ஃபேர் அரங்கில் ஆடிக்கொண்டிருந்தது. 1993ல் அலமோடோமுக்கு மாறியது. ஒரு முழு அமெரிக்கக் கால்பந்து மைதானமே உள்ளே அடங்கும் அவ்வளவு பெரிய கட்டடம். ஒரு பகுதியைத் திரைபோட்டு மறைத்துவிட்டு மீதியில் கூடைப்பந்து நடக்கும். மேல் வரிசை டிக்கெட் மலிவு. ஊருக்கு வேறு பெரிய அணி கிடையாது என்பதால் பஸ் ஓட்டுபவர், மருத்துவமனை நர்ஸ், சுற்றியிருந்த ராணுவ முகாம்களிலிருந்து வந்த பையன்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். கூடைப்பந்தைப் பள்ளி மைதானத்தில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு முன்பின் தெரியாத அந்த ஜனங்கள்தான் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். பெரியவர்கள் ஜார்ஜ் கெர்வினைப் பற்றிச் சொல்வார்கள். 4 முறை லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர், பந்தை விரல் நுனியில் உருட்டி வளையத்துக்குள் விடுவார், முகத்தில் ஒரு சலனம் இருக்காது என்பார்கள். அவர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு வாய்த்தவர் 50-ம் எண் சட்டைக்காரர்.

ராபின்சன் வந்த வழியே தனி வழி. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தபோது அவர் ஏழடிக்குக் குறைவு. படிக்கப் படிக்க வளர்ந்து 7 அடி 1 அங்குலம் ஆனார். கப்பலிலும் நீர்மூழ்கியிலும் அந்த உயரத்துக்கு இடமில்லை. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1987ல், ஸ்பர்ஸ் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மற்றவர்கள் தேர்வான கையோடு ஆட வந்துவிடுவார்கள். இவர் ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே தளத்தில் இரண்டு வருடம் கடற்படை வேலை பார்த்துவிட்டு 1989ல் வந்தார். முந்தைய சீசனில் 21 ஆட்டம் மட்டும் வென்ற அணி அவர் வந்த வருடம் 56 ஆட்டம் வென்றது. பட்டாளத்து ஊர், பட்டாளத்து ஆள். ‘அட்மிரல்’ என்று பெயர் வைத்து ஊர் அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டது.

அந்த உடம்பு ஓடுவதைப் பார்க்க வேண்டும். ஏழடி ஆட்கள் வழக்கமாக மூச்சிரைக்க ஓடி வருவார்கள், பந்து அவர்களுக்காகக் காத்திருக்கும். ராபின்சன் கார்டு ஆட்டக்காரர்களுக்கு முன்னால் ஓடி மறுமுனையில் நிற்பார். இடது கைக்காரர். இந்தப் பக்கம் ஒரு ஷாட்டைத் தடுத்துவிட்டு அந்தப் பக்கம் டங்க் அடித்து முடிக்கும்போது மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் யாரும் இல்லை. 1994 ஏப்ரல் 24 அன்று, சீசனின் கடைசி நாளில், லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்கு எதிராக 71 புள்ளிகள் எடுத்தார். ஷகீல் ஓ’நீலைத் தாண்டி அந்த வருடத்தின் அதிகப் புள்ளிக்காரர் ஆனார்.

அடுத்த வருடம், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது. அதோடு வந்தது ஹூஸ்டன். 1995 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்று. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் விருதுக் கோப்பையை ராபின்சன் கையில் கொடுத்தார்கள். எதிரே ஹூஸ்டனின் ஹக்கீம் ஒலாஜுவான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு ஹக்கீம் 41 புள்ளிகள் எடுத்தார். இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி வலப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் சுழன்று, ராபின்சனைக் காற்றில் குதிக்கவிட்டு அடியில் புகுந்து போட்டார். தொடரை ஹூஸ்டன் 4-2 என்று வென்றது. அதிலிருந்து ராபின்சனுக்கு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது: மென்மையான ஆள், முட்டி மோதத் தெரியாதவர், பைபிளும் பியானோவுமாக இருப்பவருக்கு ஜெயிக்கும் வெறி எங்கே இருந்து வரும் என்று. எனக்கு அன்றும் இந்தப் பேச்சு பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அந்த வசந்தத்தில் ஹக்கீமை யாராலும் தடுக்க முடியவில்லை. ஃபைனல்ஸில் ஷகீலின் அணியையும் அவர் 4-0 என்று துடைத்துவிட்டுத்தான் போனார். ஒரு மனிதன் நல்லவனாக இருப்பதை அவன் ஆட்டத்தின் குறையாக எழுதியவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

1996-97 சீசனில் முதுகும் பிறகு பாதமும் அவரை உட்கார வைத்தன. ஆடியது 6 ஆட்டங்கள். இடையில் பொது மேலாளர் கிரெக் போப்போவிச், பயிற்சியாளரை நீக்கிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், ஊர் கொதித்தது. அணி வென்றது 20, தோற்றது 62. அந்தத் தோல்விக்குக் கூலியாக லாட்டரியில் முதல் இடம் கிடைத்தது. பாஸ்டன்காரர்கள் தங்களுக்குத்தான் என்று நம்பியிருந்த டிம் டங்கன் எங்களுக்கு வந்தார். மறுவருடம் 56 வெற்றி. ராபின்சன் வந்த வருடம் எத்தனையோ அதே 56.

என் வாதம் முழுக்க அந்த 1997 கோடையில்தான் இருக்கிறது. ராபின்சனுக்கு 31 முடிந்து 32 நடக்கிறது. எம்விபி, இரண்டு ஒலிம்பிக் தங்கம், அணியின் ஒவ்வொரு பந்தும் தன் வழியாகப் போய்ப் பழக்கம். அவர் செய்த முதல் காரியம், புதுப் பையனைக் கொலராடோ மலையிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துக் கூடவே பயிற்சி செய்தது. இரண்டே சீசனில் வளையத்துக்கு அருகிலுள்ள இடம் டங்கனுடையதாகிவிட்டது. ராபின்சன் தடுப்பதற்கும் ரீபவுண்டுக்கும், எதிரணியின் வழியை மறித்துத் திரைபோட்டு நிற்பதற்குமான ஆளானார். 1993-94ல் ஆட்டத்துக்கு 29.8 புள்ளி எடுத்தவர் 1999ல் எடுத்தது 15.8. காயமும் ஒரு காரணம்தான். ஆனால் அதே அளவு காயம்பட்ட எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள் பந்தைக் கொடு என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கெதிரே சாவிக்கொத்தை மருமகள் இடுப்புக்கு மாற்றிவிட்டு, அதே வீட்டில் முகம் சுளிக்காமல் வேலை பார்க்கும் மாமியார் எத்தனை பேர்?

“அப்பா, அஞ்சு பட்டம் பெருசா, ரெண்டு பட்டம் பெருசா?” என்பான் மகன்.

“அஞ்சுல மொத ரெண்டும் யாரோட சேர்ந்து ஜெயிச்சாரு?”

“சேர்ந்துதான் ஜெயிச்சாரு. ஆனா ரெண்டு தடவையும் ஃபைனல்ஸ் எம்விபி டங்கன்தானே?”

“அதத்தான்டா நானும் சொல்றேன். அத அவரு வாங்கறதுக்கு வழிவிட்டது யாரு?”

“வழிவிடலேன்னாலும் வாங்கியிருப்பாரு” என்று எழுந்துபோய்க் கை கழுவுவான். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எத்தனை வருடம் கழித்து வாங்கியிருப்பார், எத்தனை மனக்கசப்புக்குப் பிறகு என்பதை யாரும் சொல்ல முடியாது.

முதல் பட்டம் வந்த 1999 என்றால் அணியின் இன்னொரு ஆட்டக்காரர் ஷான் எலியட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. மே 31, போர்ட்லாண்டுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம். ஒரு கட்டத்தில் 18 புள்ளி பின்தங்கியிருந்தோம். 9 விநாடி மிச்சமிருக்க, எல்லைக்கோட்டில் குதிகால் படாமல் முன்பாதத்தில் நின்றபடி எலியட் மூன்று புள்ளிக்கு எறிந்தார். 86-85. அந்த நொடியில் அலமோடோமில் எழுந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பட்டம் வென்ற பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: அந்த சீசனை அவர் செயலிழந்துகொண்டிருந்த சிறுநீரகத்தோடு ஆடியிருக்கிறார். ஆகஸ்டில் அண்ணன் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். 2000 மார்ச் 14 அன்று எலியட் மறுபடி சட்டை மாட்டி இறங்கினார். மாற்றுச் சிறுநீரகத்தோடு இந்த லீகில் ஆடத் திரும்பிய முதல் ஆள் அவர். ஆட்டத்தை விட்டபின் தொலைக்காட்சி வர்ணனைக்குப் போனார். ஸ்பர்ஸுக்கு எதிராக விசில் ஊதினால் நடுவர்மீது அவருக்கு வரும் கோபம் இருக்கிறதே, அது எங்கள் வீட்டுக் கூடத்துக் கோபம்.

டங்கனுக்கு வருகிறேன். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் பிறந்த நீச்சல்காரப் பையன். 1989ல் ஹியூகோ புயல் அந்தத் தீவின் நீச்சல்குளத்தை அழித்தது. அடுத்த வருடம், அவருடைய 14-ம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்று அந்த அம்மா வாங்கிக்கொண்ட வாக்குக்காக, கோடிகள் காத்திருந்தும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து உளவியல் படித்து முடித்தார். ஆட்டமும் அப்படித்தான், அவசரம் கிடையாது. 45 டிகிரி கோணத்தில் நின்று, பந்தைப் பலகையின் சதுரத்தில் தட்டி உள்ளே விடுவார். பார்க்க அலுப்பு என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். அதே ஷாட் இருபதாவது முறையும் விழும்போது எதிரணி முகத்தைப் பார்த்தால் அலுப்பு யாருக்கு என்று தெரியும். உணர்ச்சியே இல்லாத ஆள் என்பது இன்னொரு பேச்சு. 2013 ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், கைக்கெட்டும் தூரத்து ஷாட் தவறியதும் இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்தாரே, அதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மறுவருடம் அதே மயாமியை 4-1 என்று வென்றோம்.

ராபின்சனிடம் கற்றதை டங்கன் தன் முறை வந்தபோது செய்தார் என்பதுதான் எனக்கு நிறைவு. 2012ல் தன் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொண்டு மற்றவர்களைச் சேர்க்க இடம் கொடுத்தார். ஆட்டத்தின் மையம் இளையவர்களான டோனி பார்க்கரிடமும் பிறகு கவாய் லெனார்டிடமும் போனபோது பேசாமல் திரை போட்டு நின்றார். 2016 ஜூலையில் ஓய்வு. ஊர் ஊராக வழியனுப்பு விழா கிடையாது, கடைசிச் செய்தியாளர் சந்திப்பு கிடையாது; அணி ஓர் அறிக்கை வெளியிட்டது, அவ்வளவுதான். இன்று அவருக்குச் சான் அன்டோனியோவில் கார்களை மாற்றியமைக்கும் கடை இருக்கிறது. 2019-20ல் ஒரு சீசன் துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்தார். போப்போவிச் வராத ஒரே ஒரு நாள், 2020 மார்ச் 3, தலைமைப் பொறுப்பேற்று ஷார்லட்டை ஒரு புள்ளியில் வென்றார். 

மனைவியின் ஆள் மனு ஜினோபிலி. அர்ஜென்டினாவின் பாயியா பிளாங்காவில் பிறந்தவர். 1999 டிராஃப்டில் 58 பேரில் 57-வது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை 89-81 என்று அர்ஜென்டினா வென்றபோது 29 புள்ளி எடுத்தவர் அவர். எதிரே நின்றது நம் டங்கன், எதிர் பெஞ்சில் துணைப் பயிற்சியாளராக நம் போப்போவிச். அன்று எங்கள் வீட்டில் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் மூன்று பேரும் திண்டாடினோம். ஒலிம்பிக் தங்கத்தோடு வந்த அவரைத்தான் போப்போவிச் பிறகு பெஞ்சில் உட்கார வைத்தார்.

“ஏங்க, அந்தப் பையன ஏன் மொதல்லயே எறக்க மாட்டேங்கறாங்க? அவன் வந்தப்பறம்தானே ஆட்டமே சூடு பிடிக்குது?” என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்பாள். அதற்காகத்தான் என்று விளக்குவேன். எதிரணியின் இரண்டாம் வரிசை இறங்கும் நேரத்தில் இவர் இறங்கினால் அது தாங்காது. விளக்கம் சரிதான், ஆனால் ஜினோபிலியின் இடத்தில் இருந்து அதை ஏற்றுக்கொள்வது வேறு. ஏற்றுக்கொண்டார். பெஞ்சிலிருந்து வருபவர்களுக்கான சிறந்த ஆட்டக்காரர் விருதை 2008ல் வாங்கினார். 2009ல் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் பறந்து தொல்லை கொடுத்த வௌவாலை வெறுங்கையால் அடித்து வீழ்த்திவிட்டு, பிறகு நாய்க்கடிக்குப் போடுவதுபோல வெறிநோய்த் தடுப்பூசிகள் போட்டுக்கொண்டதும் அவர்தான். 41 வயதில் 2018ல் விலகினார். இப்போது அணிக்கே ஆலோசகர்.

டோனி பார்க்கரைப் பற்றி எங்கள் வீட்டில் சண்டை வந்ததில்லை. பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்த பையன், 28-வது தேர்வு, 19 வயதிலேயே முதல் ஐந்தில் இடம், 2007 ஃபைனல்ஸ் எம்விபி. கடைசி சீசனை வேறு அணியில் ஆடியபோது கொஞ்சம் வலித்தது. பிரான்சில் ஒரு கூடைப்பந்து கிளப்புக்கு முதலாளியும் ஆனார். டங்கன், ஜினோபிலி, பார்க்கர் மூவரும் சேர்ந்து ஆடிய வழக்கமான சீசன் ஆட்டங்களில் வென்றவை 575. வேறு எந்த மூவருக்கும் அது இல்லை.

கவாய் லெனார்டை எங்கே வைப்பது? 2014ல் 22 வயதில் ஃபைனல்ஸ் எம்விபி. இரண்டு பக்க ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே ஆடியவர்களில் டங்கனுக்கு அடுத்த திறமை அவருடையது என்பேன். தொடைக் காயம், அதற்கான சிகிச்சை பற்றிக் கருத்து வேறுபாடு, 2017-18ல் 9 ஆட்டம் மட்டும், 2018 ஜூலையில் டொரொன்டோ. மறுவருடமே அங்கே பட்டம். உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊருக்கு அந்தப் பொறுமை இல்லை. 2023 நவம்பரில் கிளிப்பர்ஸ் சட்டையில் அவர் ஃப்ரீ த்ரோ போட நின்றபோது அரங்கமே கூச்சலிட்டது. போப்போவிச் மைக்கை வாங்கி, இது நமக்கு அழகில்லை, நிறுத்துங்கள் என்றார். ஆட்டம் நடக்கும்போதே ஒரு பயிற்சியாளர் சொந்த ஊர் ஜனங்களை அப்படித் திருத்தியதை நான் பார்த்ததில்லை.

ராபின்சனின் இன்று என்பது ஊரின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. வேலையும் வசதியும் கடைசியாக எட்டிப் பார்க்கும் பகுதி அது. 1991ல் அவர் அங்குள்ள கேட்ஸ் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கு 2,000 டாலர் தருவதாகச் சொன்னார். 1998ல் சொன்னபடி முடித்த பிள்ளைகளுக்கு 8,000 டாலராகக் கொடுத்தார். 2001ல், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, தன் பணத்தில் பல மில்லியன் போட்டு அதே பகுதியில் கார்வர் அகாடமி என்ற பள்ளியைத் திறந்தார். பிறகு அது ஒரு பெரிய பள்ளிக் குழுமத்தோடு இணைந்து, கட்டணமில்லாத பொதுப்பள்ளியாக வளர்ந்து நடக்கிறது. சமூகப்பணிக்காக என்பிஏ தரும் விருதின் பலகைக்கு 2003ல் அவர் பெயரை வைத்தார்கள். அவர் கடைசியாக ஆடியது 2003 ஜூன் 15, நியூஜெர்சிக்கு எதிரான ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டம். டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். பக்கத்தில் முதுகு வலியோடு 37 வயதுக்காரர் 13 புள்ளி, 17 ரீபவுண்ட். டங்கனின் எண்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம். எனக்கு அந்த 17 ஞாபகம்.

2024 நவம்பரில் போப்போவிச்சுக்குப் பக்கவாதம் வந்தது. 1,422 வெற்றிகளோடு, லீகில் வேறு யாரும் தொடாத எண்ணிக்கையோடு, 2025 மே மாதம் பயிற்சியாளர் பொறுப்பை விட்டார். அதை ஊருக்குச் சொல்ல வந்த நாளில் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் டங்கனும் ஜினோபிலியும். பேட்டி என்றாலே ஒதுங்கும் டங்கன் கேமராக்களுக்கு முன்னால் வந்து நின்றதைப் பார்த்ததும் மகன் டல்லஸிலிருந்து போன் செய்தான். அவன் குரல் சரியாக இல்லை. அன்று நாங்கள் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை.

பட்டியல் மறுபடி கிளம்பியது அந்தக் கோடையில். எங்கள் அணியின் 7 அடி 4 அங்குலப் பிரெஞ்சுப் பையன் விக்டர் வெம்பன்யாமா, தோளில் ரத்தக்கட்டி வந்து சீசனின் பிற்பகுதியை இழந்தவர், வளையத்துக்கருகே ஆடும் நுணுக்கம் கற்க ஹக்கீம் ஒலாஜுவானிடம் போனார். 

“பாத்தீங்களாப்பா? உங்க ஆள சுத்தவிட்டாரே, அவருகிட்டயே நம்ம பையன் பாடம் கத்துக்கறான். உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

“எதுக்குடா கஷ்டம்? அந்தத் திருப்பத்த யாராலயும் தடுக்க முடியலேன்னு முப்பது வருஷமா நான்தானே சொல்லிட்டு இருக்கேன். நல்லா கத்துக்கிட்டு வரட்டும்.”